உப்புக் காற்றும் ஒரு நூலிழைச் சந்தும்

ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. சுண்ணாம்புக்குளத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் அண்ணனின் கடைத் திண்ணையில் நான்கு குழாய்கள் கவிழ்ந்து கிடந்தன. ஆடி முழுக்க அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். அதற்குள் நான்கும் பேசியாக வேண்டும்.

ஒரு குழாயின் பின்னாலிருந்த யூனிட்டைத் திருகிக் கழற்றினார். டார்ச் லைட் பேட்டரி ஒன்றை எடுத்து, யூனிட்டின் இரண்டு முனைகளையும் ஒயரால் தொட்டார். 'டக்' என்று வந்திருக்க வேண்டும். 'கர்ர்' என்று தேய்ந்து வந்தது.

"காயில் உசுரோடதான் இருக்கு தம்பி. சந்துல துரு."

உப்புநீர் ஏரிப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் யூனிட்டைத் திறந்தார். உள்ளே கவிழ்த்த கிண்ணம்போல ஒரு டயாஃப்ரம். அதன் விளிம்பில் மோதிரமாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி, அதுதான் காயில். கீழே காந்தம், நடுவில் இரும்புக் கட்டை, அதைச் சுற்றி இரும்பு வளையம். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வட்டச் சந்து. இரண்டு பக்கமும் படாமல் காயில் அந்தச் சந்துக்குள் நிற்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் மின்சாரம் குரலின் அதிர்வுக்கேற்பத் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு திசையில் ஓடினால் காந்தப்புலம் காயிலை முன்னே தள்ளும், மறு திசையில் ஓடினால் பின்னே இழுக்கும். கூடவே டயாஃப்ரமும் ஆடிக் காற்றை அதிர வைக்கிறது. கம்பியில் ஓடும் மின்சாரம் காந்த ஊசியைத் திருப்புவதை 1820இல் எர்ஸ்டெட் கண்டார். 1915இல் கலிபோர்னியாவில் ஜென்சனும் பிரிதமும் காயிலோடு குழாயைச் சேர்த்துப் பெருங்கூட்டத்துக்குக் குரலைக் கேட்க வைத்தார்கள். நம் ஊர்க் குழாய் அந்த வம்சம்தான்.

இந்த ஊர் அதற்குக் கொடுப்பது உப்புக் காற்று. ஃபெரைட் காந்தம் இரும்பு ஆக்ஸைடில் செய்தது, அது துருப்பிடிக்காது. சுற்றியுள்ள இரும்புதான் பொரிந்து உதிர்கிறது. உதிர்ந்த துகளையும் காந்தம் விடுவதில்லை, சந்துக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. ஊதினால் போகாது. அண்ணன் தடித்த காகிதத் துண்டில் பசை நாடாவைச் சுற்றி, சந்துக்குள் விட்டு, வட்டமாக ஒத்தி எடுத்தார். ஒவ்வொரு முறையும் நாடாவில் செம்பழுப்புப் பொடி வந்தது. எட்டாவது நாடா சுத்தமாக வந்த பிறகே கையை எடுத்தார். புயல் வரும்போது படகுகளைக் கரையேற்றச் சொல்வதும் இதே குழாய்கள்தான் என்பதால், அந்தப் பொறுமையை வெறும் தொழில் நேர்த்தி என்று என்னால் நினைக்க முடியவில்லை.

"மைக்கும் இதுவும் ஒண்ணுதான், பாருங்க" என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரின் மைக் துளையில் இணைத்து, அதன் காகிதக் கூம்புக்கு முன்னால் பேசினார். மூக்கடைத்த குரலாக வெளியே கேட்டது. பேச்சு கூம்பை அசைக்க, காந்தப்புலத்துக்குள் காயில் அசைய, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் காட்டியது இதைத்தான். மேடையில் பாடகர்கள் பிடிக்கும் டைனமிக் மைக்குக்குள்ளும் இதே காயில், இதே காந்தம். அளவு மட்டும் சிறியது.

முன்பெல்லாம் காயிலைக் கையாலேயே சுற்றுவாராம். இப்போது காயிலோடு ஒட்டிய டயாஃப்ரமே கடையில் கிடைக்கிறது. ஆனால் அதைச் சந்துக்கு நடுவே உட்கார வைப்பது இன்றும் விரல்களின் வேலைதான். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார், நடுநடுவே பேட்டரியால் தொட்டுக் காது கொடுத்தார். மூன்றாம் முறை 'டக்' என்றது. திருகுகளின் தலையில் கிரீஸ் தடவி, சாத்தியிருந்த கதவைத் திறந்தார்.