பழியைத் தாய்மேல் போட்டேன்

பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலத்தில் நான் அதிகம் சொன்ன பொய் இது: "உனக்குப் பால் ஊறலம்மா, பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லு."

தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்க முடியாது. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும், பச்சைக்குழந்தைக்கு அது போதும் என்று பரீட்சையில் எழுதித்தான் வேலைக்கு வந்தேன்.

சிக்கல் அதற்கு முன்பே, பிரசவத்தின்போதே தொடங்கிவிடும். வலி வராதவர்களுக்கு 500 மி.லி. பாட்டிலில் 5 யூனிட் ஆக்சிடோசின் கலந்து டிரிப் போடுவோம். வயிற்றில் கைவைத்து வலியை எண்ணி, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, கொஞ்சங்கொஞ்சமாகச் சொட்டைக் கூட்ட வேண்டும். டூட்டி மாறுவதற்குள் முடியட்டும் என்று நான் அவசரமாகக் கூட்டியதுண்டு. இடைவெளியில்லாமல் வலி வந்தால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். தாய் அலறுவாள், டாக்டர் வலி குறைக்கும் பெத்தடின் ஊசி எழுதுவார். அந்த மருந்து குழந்தைக்கும் போய்ச் சேரும். பிறந்த குழந்தை கண் திறக்காமல் சொக்கிக் கிடக்கும். காம்பை உதட்டில் வைத்தாலும் வாய் திறக்காது.

ஏற்றிய நீர் வேறு. ஆக்சிடோசின் அளவு கூடினால் உடம்பில் நீர் தேங்கும். மார்பு வீங்கிக் காம்பு உள்ளடங்கும். குழந்தையும் நீரெடையோடு பிறந்து, மறுநாள் அது சிறுநீராகப் போனதும் எடை இறங்கும். அந்த எடையைப் பார்த்துத்தான் பவுடர் கரைத்தேன். வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடாது. சப்பாத மார்பில் பால் எப்படி ஊறும்?

ஒரு மாமியார், "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்ல" என்று என் எதிரிலேயே மருமகளைக் குத்திக்காட்டினார். அவளோ என்னைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றாள். எத்தனை பாட்டில் ஏறியது, எப்போது பெத்தடின் போட்டது, எல்லாம் என் கையிலிருந்த கேஸ் ஷீட்டில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மருந்தைக் குற்றம் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கைத் தடுத்து உயிர் காப்பதும் ஆக்சிடோசின்தான். அது மட்டுமே தாய்ப்பாலைக் கெடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவும் இல்லை. அவசரமும் மௌனமும் என்னுடையவை.

இப்போது வார்டில் நிற்கும் தங்கைகளே, குழந்தை சப்பவில்லை என்றால் முதலில் கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் போட்டுவையுங்கள். சீம்பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டுங்கள். பவுடர் தேவையா என்பதை டாக்டர் குழந்தையைப் பார்த்துச் சொல்லட்டும். மாமியார் பக்கத்தில் இருந்தால், மருந்தைப் பற்றி அவரிடமும் சொல்லுங்கள்.