படத்திலை இருக்கிற அப்பா

ஜெயபுரம்
ஞாயிறு, மத்தியானம்

என்ரை அன்பு மச்சாள்,

உன்ரை வாட்ஸ்அப் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரிச்சன். மறுமொழியைக் குரலிலை சொல்லேலாது, இஞ்சை எல்லாருக்கும் காது நீளம். அதுதான் பேனை எடுத்தனான்.

உன்னோடை வேலை செய்யிற கொலம்பியாக்காரி, தமையன்மார் சாப்பிட்டு எழும்பின பிறகுதான் தாயும் தானும் கோப்பை எடுக்கிறது எண்டு சொன்னாளாம், நீ வாயைப் பிளந்தியாம். ஏனடி, உங்கட வீட்டுக் குழம்பிலை மீன்தலை ஆருக்குப் போனது? கனடா போனதும் மறந்திட்டியோ?

சரி, இப்ப கேள். எங்கட பின்வளவுப் பொடியன், 2009 இலை தகப்பன் சாகேக்கை கைக்குழந்தையாக் கிடந்தவன், இப்ப மீசை வைச்சுப் பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டான். பல்சர் மோட்டச்சைக்கிள் வேணுமாம். அதுக்கு ஆற்றை காசு? தமக்கை கார்மென்ஸுக்குப் போறாளெல்லோ, அவளின்ரை வங்கிக் காட் இவன்ரை பேர்சுக்குள்ளை! விடிய நாலு மணிக்கு எழும்பி பஸ் ஏறுற பெட்டை, சம்பளம் விழுந்தால் தம்பியிட்டைக் கேட்டுத்தான் சவர்க்காரம் வாங்கோணும்.

இதை ஏற்பாடு பண்ணினது அவனில்லை, அவன்ரை அப்பம்மா. "வீட்டு ஆம்பிளையிட்டை இருக்கட்டும்" எண்டு மனுசிதான் வாங்கிக் குடுத்தது. 77 கலவரத்தோடை மலையகத்திலை இருந்து இந்தக் காட்டுக்கு வந்த மனுசி. தோட்டத்திலை கொழுந்து பறிச்ச கை இவவின்ரை, சம்பள நாளிலை நீட்டின கை புருசன்ரை. ஒருக்கால் நான் கேட்டன், அது அநியாயமாத் தெரியேல்லையோ எண்டு. "அதுதானே மொறை" எண்டு வெத்திலையை மடிச்சா.

காணிக் கதையும் கிடக்கு. அப்பப்பா காடு வெட்டின துண்டு, பேமிற் காணி. மனுசி அதைப் பேரனுக்கெண்டே வைச்சிருக்குது. அவவை மட்டும் பேசி என்ன? 1935 ஆம் ஆண்டுக் காணிச் சட்டமே அப்பிடித்தானே கிடந்தது. பின்னுரித்து எழுதாமல் ஆள் செத்தால், பெஞ்சாதி உயிரோடை இருக்குமட்டும் அனுபவிக்கலாம், மறுகலியாணம் முடிச்சால் அதுவும் போச்சு. பிள்ளையளிலை முதல் பொடியள், அவை இல்லாட்டித்தான் பெட்டையள். 2022 இலைதான் ஆணோ பெண்ணோ மூத்தது எண்டு திருத்தினவை. மனுசியிட்டை இதைச் சொன்னால், "கவுமெண்டுக்கு என்ன தெரியும்" எண்டுது.

இதிலை பெரிய பகிடி என்னெண்டால், அந்த வீட்டிலை உண்மையிலை நெஞ்சுரம் உள்ள ஆள் தாய்க்காரி. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை. கொதிக்கிற வெயிலிலை கவசமும் போட்டு, முழங்காலிலை இருந்து, மண்ணைச் சாண் சாணாச் சுரண்டுறா. லீவிலை வந்தால் மகன் எழும்பித் தண்ணி கூட எடுத்துக் குடுக்கமாட்டான். அவனுக்கு வீரம் எண்டால் சுவரிலை தொங்கிற தகப்பன்ரை படம்தான்.

அந்தப் படத்தை நீ பார்க்கேல்லை. ஸ்ரூடியோக்காரன் கோட்டும் ரையும் போட்டு விட்டிருக்கிறான். அந்த மனுசன் உயிரோடை இருக்கேக்கை ஒரு நாளாவது கோட் போட்டவரே? வருசம் போகப் போக அவர் வளருறார். ஒரு வார்த்தைதான் பேசுவாராம், ஊரே நடுங்குமாம், கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி வராதாம். எல்லாம் அப்பம்மா சொல்லுறது. தாய்க்காரியும் மறுக்கிறேல்லை, செத்தவரைக் குறைச்சுச் சொல்லலாமோ எண்டு. தகப்பன் உயிரோடை உள்ள வீட்டிலை பிள்ளை அவரின்ரை பயத்தையும் கடனையும் பார்த்து வளருது. தகப்பன் இல்லாத வீட்டிலை பெண்டுகள் நாங்கள்தான் ஒரு ஆம்பிளையைச் செய்து குடுக்கிறம். அதிலை பயத்தையும் கண்ணீரையும் சேர்க்கிறேல்லை.

எனக்குத் தெரிஞ்ச மனுசன் வேறை. 2009 சண்டையிலை மாத்தளனிலை ரெண்டு குடும்பமும் ஒரே பங்கருக்குள்ளைதானே இருந்தனாங்கள். ஷெல் கூவேக்கை மகளின்ரை காதைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதவர். அந்தக் கிடங்குக்குள்ளையும் காலமை அவளுக்கு ரெட்டைப் பின்னல் பின்னி விட்டது அவர்தான், தாய்க்குக் கைக்குழந்தையோடை நேரமில்லை.

போன கிழமை அந்த வங்கிக் காட்டுக்காகச் சண்டை. பொடியன் தமக்கைக்குக் கை ஓங்கி, "அப்பா இருந்திருந்தால் உனக்குத் தெரிஞ்சிருக்கும்" எண்டான். நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டு, "உன்ரை அப்பா இருந்திருந்தால் அவளுக்குத் தலை பின்னி விட்டிருப்பாரடா" எண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். மனுசி என்னோடை கதைக்கிறதை விட்டிட்டுது. கோயிலிலை கண்டாலும் மற்றப் பக்கம் பார்க்குது. பொடியன் மட்டும் பின்னேரம் வந்து, வேலியிலை சாய்ஞ்சுகொண்டு, "அன்ரி, உண்மையா அழுதவரோ?" எண்டான். ஓம் எண்டன். "வேறை என்ன செய்தவர்?" எண்டான். தேங்காய் துருவத் துருவ இருட்டுமட்டும் சொன்னன்.

உடனை திருந்திட்டான் எண்டு நினைக்காதை. காட் இன்னும் அவனிட்டைத்தான். ஆனா இது உனக்கு மட்டும்: பெட்டை வெள்ளிக்கிழமை லீவு போட்டு வங்கிக்குப் போய், காட் துலைஞ்சு போச்சு எண்டு சொல்லிப் புதுசுக்கு எழுதிக் குடுத்திட்டாள். இவன் நேற்றுக் கிளிநொச்சியிலை மெசின் மெசினாத் திணிச்சுப் பார்த்திட்டு, வங்கிக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தவனாம்.

உன்ரை
மச்சாள்