ஒரு வாளி குளிர்

ஜனவரியில் தில்லி மயூர் விஹாரில் பொழுது விடிந்ததை அறிவிப்பது சூரியன் அல்ல, வாளிச் சத்தம். காலை ஆறு மணி. வெப்பநிலை 5 டிகிரி. மூடுபனியில் எதிர் பிளாக் தெரியவில்லை. ஆனால் கார் துடைப்பவர்கள் வந்துவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு வாளி, இரண்டு துணி, பத்துப் பன்னிரண்டு கார்கள். ஹோஸ் கிடையாது. 2024 மே மாத வெப்ப அலையின்போது, ஹோஸ் வைத்துக் கார் கழுவினால் 2,000 ரூபாய் அபராதம் என்று தில்லி அரசு அறிவித்தது. இவர்களை அது தொடவேயில்லை.

இவர்களைத் தொடுவது குளிர்தான். இரவுப் பனியில் புழுதியும் புகைக்கரியும் காரின் மேல் பசைபோல் படிந்துவிடுகின்றன. விறைத்த விரல்களால் துணியை அடிக்கடி அலசிப் பிழிய முடிவதில்லை. மூன்றாவது கார் முடிவதற்குள் வாளித் தண்ணீர் சேறாகிவிடும். துணியில் ஒட்டிய மணல் பெயின்டில் கீறல் போடும். கீறலைப் பார்த்து உரிமையாளர் கத்துவார். துடைத்தவரின் விரல் வெடிப்பை யாரும் பார்ப்பதில்லை. அதற்குக் கடுகெண்ணெய்தான் மருந்து.

தீர்வு எளிது. கழுவ ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், துணி அலச இன்னொன்று. கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும், சக்கரம் கடைசி. கொதிக்கும் நீர் மட்டும் கூடாது. குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடலாம்.

மாடி வீடுகளில் கீசர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு வாளி வெந்நீர்தான் இன்னும் படியிறங்கவில்லை.