பங்கும் பங்கீடும்

‘பங்கு’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். பாகப்பிரிவினையில் பெறுவதும் பங்கு. நிறுவனத்தில் வாங்குவதும் பங்கு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்பதை நான் நூல்களில் கற்கவில்லை.

1994-ஆம் ஆண்டு. செங்கற்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இறால் பண்ணை நிறுவனம் ஒன்றின் பங்குகளுக்காக என் தந்தையார் விண்ணப்பம் நிரப்பினார். பங்கொன்று பத்து ரூபாயாக நூறு பங்குகள். “உன் தங்கையின் திருமணத்திற்கு ஆகும்” என்றார். முதலீட்டாளருக்கு நேரக்கூடிய இடர்கள் யாவும் அப்படிவத்தில் அச்சிடப்பட்டிருந்தன. ஊர்க்கிணறு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1992-இல் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபின், நிறுவனங்கள் தாமே விலை வைத்துப் பங்குகளை வெளியிடலாயின. ஜப்பானும் அமெரிக்காவும் புலி இறாலுக்கு நல்ல விலை தந்தன. எங்களைப் போன்றோரின் திண்ணைகளில் திரண்ட சேமிப்பு, கடற்கரையில் நிலமாகவும் நீராகவும் மாறிற்று.

மறு ஆண்டுக் கோடையில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த தோழரின் இல்லம் சென்றேன். பருகத் தந்த நீர் உவர்த்தது. “குட்டையில கடல் தண்ணியத் தேக்குறாங்க தம்பி. உப்பக் குறைக்க ஆழ்குழாய் போட்டு நல்ல தண்ணிய உறிஞ்சுறாங்க. எங்க கிணறு கெட்டுப்போச்சு” என்றார் அவர் தாயார். திரும்பும் வழியில் பண்ணையின் பெயர்ப்பலகையைக் கண்டேன். தந்தையார் நிரப்பிய படிவத்தில் இருந்த அதே பெயர்!

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அமைந்த பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்றுமாறு ஆணையிட்டது. மரபுவழிப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்களித்தது. அதற்கு முன்னரே வெண்புள்ளி நோய் கிழக்குக் கரையின் இறால்களை அழித்திருந்தது. தந்தையாரின் பங்குச் சான்றிதழ் வெறுந்தாளாயிற்று. பின்னர் 2005-இல் இயற்றப்பட்ட சட்டம், பதிவும் விதிமுறையும் வகுத்துப் பண்ணைகளுக்கு மீண்டும் வழிவிட்டது.

முதலீடு தீதென்று நான் கூறவில்லை. ஆயினும், விலை எங்கே மிகுதி என்று சந்தை கேட்கும். தாகம் எங்கே மிகுதி என்று கேளாது. அவ்வினாவைப் பணம் கொடுப்பவரும் சட்டம் இயற்றுபவரும்தான் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

ஆயிரம் ரூபாயை இழந்த வருத்தம் தந்தையாருக்கு விரைவில் ஆறிற்று. அந்த உவர்நீரில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்ததென்பதைத் தோழரின் தாயாரிடம் இன்றுவரை நான் கூறவில்லை.