அப்பா போட்ட டர்னிங்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எழுத நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இலக்கணம் எழுதுகிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே!

பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதலாண்டு ஆங்கில வகுப்பில், நேற்று ஒர்க் ஷாப்பில் என்ன செய்தாய் என்று சார் கேட்டார். எழுந்து, "ஐ ஆம் டர்னிங் சார்" என்றேன். "எந்தப் பக்கம்டா திரும்புற?" என்று பின் பெஞ்சில் ஒரு குரல். வகுப்பே சிரித்தது. மூன்று நாள் நான் வரவில்லை. டி.சி. வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நாலாம் நாள் ராத்திரி அப்பா விசாரித்தார். அவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார், ஏ,பி,சி,டி தெரியாது. நடந்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "டர்னிங்ல என்னடா சிரிப்பு? இன்னிக்குக்கூட ரெண்டு ஷாஃப்ட்டுக்கு ஃபேசிங் முடிச்சுட்டேன், டர்னிங் பாக்கி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "டர்னிங் பாக்கி" என்றால் கடைதல் பாக்கி. பத்தாவதில் மனப்பாடம் செய்த அதே தொழிற்பெயர்! காலம் காட்டாது, ஆளைக் காட்டாது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ஜெரண்ட். போரிங், நர்லிங், டிரில்லிங் எல்லாம் அதே ஜாதி. அப்பா இத்தனை வருஷமாகச் சரியாகச் சொன்னதை நான் "ஐ ஆம்" போட்டு வினையாக்கிக் கெடுத்திருக்கிறேன். "ஐ டிட் டர்னிங்" என்றிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அதற்காக "ஆம்", "இஸ்" வந்தாலே வினை என்று முடிவு கட்டாதீர்கள். நான் கட்டி, பரீட்சையில் இரண்டு மார்க் போனது. "தி ஜாப் இஸ் டர்னிங்" என்றால் சக்கில் மாட்டிய ஜாப் சுழல்கிறது, அது வினை. "மை ஜாப் இஸ் டர்னிங்" என்றால் என் வேலை கடைதல், அது ஜெரண்ட். தமிழில் "தல்" போட்டுச் சொல்லிப் பாருங்கள், பொருந்தினால் ஜெரண்ட்தான்.

இன்னொன்று, இதில் கையே போய்விடும். "ஹி ஸ்டாப்டு மெஷரிங்" என்றால் அளப்பதையே விட்டுவிட்டான். "ஹி ஸ்டாப்டு டு மெஷர்" என்றால் அளப்பதற்காக நிறுத்தினான். லேத்தில் முதல் ஆள் ஜாப்பைக் கெடுப்பான். இரண்டாம் ஆளுக்குத்தான் ஒர்க் ஷாப் சாரிடம் திட்டு விழாது. ஓடுகிற ஜாப்பில் வெர்னியரை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு கம்பெனிக்கு டிரெய்னிங் கேட்டுக் கடிதம் எழுதினேன். கடைசி வரியில் "லுக்கிங் ஃபார்வர்டு டு ஜாயின்" என்று பேனா ஓடிவிட்டது. அந்த "டு"வுக்குப் பின்னால் பெயர்தான் வர வேண்டும். அடித்துத் திருத்தினால் அசிங்கம் என்று புதுத் தாள் எடுத்து, "ஜாயினிங்" என்று முழுக்கடிதத்தையும் திரும்ப எழுதினேன். அப்பாதான் தபாலில் போட்டார். பதில் இன்னும் வரவில்லை. பட்டறையிலிருந்து வந்ததும் தினமும் அதைத்தான் கேட்கிறார்.