திண்டிவனம் டு விழுப்புரம்: மட்டையோடு ஒரு காலைப் பயணம்

கோடை விடுமுறையில், விளையாட்டு விடுதித் தேர்வு நாளன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குச் சீக்கிரமே விடிந்துவிடும். தோளில் பை, கையில் ஹாக்கி மட்டையோடு பிள்ளைகள். பக்கத்தில், வயதுச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகப் பிடித்தபடி அப்பாக்கள்.

விழுப்புரம் சுமார் 40 கி.மீ. கூட்டேரிப்பட்டு வந்ததும், மயிலம் முருகனுக்கு பஸ்ஸிலிருந்தே ஒரு கும்பிடு. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினால் பேச்சு குறைந்து, வயிற்றில் புளியைக் கரைக்கத் தொடங்கிவிடும்.

விழுப்புரம் மாவட்ட விளையாட்டு மைதானத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், விளையாடவிட்டுப் பார்ப்பார்கள். இங்கே தேறினால் அடுத்து மாநில அளவிலான தேர்வு. அதிலும் தேறினால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பு. அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம், கோவில்பட்டியில் பயிற்சி பெற்றுத்தான் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய சீனியர் அணிக்கு ஆடினார்.

ஆனால், திறமையைக் காட்டக் கிடைப்பது ஒரே ஒரு காலைப் பொழுது. முந்தைய நாள் காய்ச்சல் என்றாலும், பந்து ஒருமுறை மட்டையில் படாமல் போனாலும் கதை மாறிவிடும்.

அமெரிக்கா, கனடாவின் ஐஸ் ஹாக்கியில் வேறு மாதிரி. முதல்நிலை லீக்கான என்.எச்.எல்லுக்கு அடுத்த படி ஏ.எச்.எல். அங்கே 'ட்ரைஅவுட் ஒப்பந்தம்' என்று ஒன்று உண்டு. ஒரு வீரரை 25 ஆட்டங்கள் வரை சம்பளத்தோடு ஆடவைத்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே அனுப்பியும் விடலாம். வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும், ஒரு நாள் சொதப்பினால் மறுநாள் சரிசெய்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு அந்த மறுநாள், அடுத்த வருடம்தான். விடுதியில் சேர 7, 8, 9, 11-ம் வகுப்புகள்தான் வாசல். 7-ல் தவறினால் 8 இருக்கிறது. 9-லும் தவறினால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை மட்டைகள் பரணுக்குப் போய்விடுகின்றன!

அதனால், பிள்ளைக்கு விளையாட்டில் ஆர்வம் என்றால் 9-ம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள். 7-லேயே விண்ணப்பியுங்கள். தோற்றாலும், தேர்வு எப்படி நடக்கும் என்ற பயம் போய்விடும்.

மாலையில் அதே பஸ் திண்டிவனம் திரும்புகிறது. சிலர் கையில் மாநிலத் தேர்வுக்கான அழைப்பு. சிலர் ஜன்னலோரம் பேசாமல் வருகிறார்கள். கூட்டேரிப்பட்டில் மட்டும் எல்லாக் கைகளும் மறுபடி குவிகின்றன.