செய்யாத சோதனை

“மெஷ்ஷின் அளவைப் பாதியாக்கிப் பார்த்தோம், வெள்ளத்தின் ஆழத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை” என்று ஓர் அறிக்கையில் எழுதினேன். அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. தெரிந்தே எழுதிய பொய் அது.

நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது. அதற்குக் கீழே உள்ள வயல்களில் மழைவெள்ளம் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிடுவது என் வேலை. நிலத்தைச் சிறு முக்கோண செல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தையும் வேகத்தையும் கணிக்க வேண்டும். அந்தப் பின்னல்தான் மெஷ். கணிதவியலாளர் டெலோனே 1934-இல் வகுத்த விதிப்படி மென்பொருளே முக்கோணங்களை அழகாக அடுக்கிவிடும். ஆனால் எந்தச் செல்லின் ஓரம் எந்தக் கரைமேல் விழ வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

காவிரி டெல்டாவில் தரைச்சரிவு மிகக் குறைவு. வெள்ளத்தை இங்கே மறிப்பவை வாய்க்கால் கரையும் சாலையும் ரயில்பாதையும். நான் போட்ட செல் 50 மீட்டர். 4 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள கரை அதற்குள் விழுந்தால், சராசரியில் வெறும் 12 சென்டிமீட்டர் மேடாகிவிடும். என் கணக்கில் தண்ணீர் அதன்மேல் ஏறிக் கடந்து போயிற்று. நிஜத்தில் கரைக்கு மேற்கே தேங்கித்தான் நிற்கும்.

இது எனக்குத் தெரியும். இந்த ஊர்ப்பக்கத்தில் பிறந்தவன் நான். ஆனால் செல்லைப் பாதியாக்கினால் எண்ணிக்கை நான்கு மடங்காகும். செல் சிறிதானால் கணக்கின் கால இடைவெளியும் சிறிதாக வேண்டும் என்ற கூரண்ட் நிபந்தனைப்படி டைம் ஸ்டெப்பும் பாதியாகும். கணினி ஓட்டம் எட்டு மடங்கு நீளும். ஒரு ராத்திரியில் முடிந்தது நாலு நாள் இழுக்கும். கெடு நெருங்கியிருந்தது. அவகாசம் கேட்க வாய் வரவில்லை. பொய் எழுதக் கை வந்தது.

ஆழத்தைச் சென்டிமீட்டர் வரை அச்சிட்டிருந்தேன், யாரும் சந்தேகப்படவில்லை. கரைக்கு மேற்கே உள்ள ஊரில் ஆழம் குறைவாகத் தெரிந்ததால், மதகை அகலப்படுத்தும் பட்டியலில் அந்த ஊர் கடைசிக்குப் போயிற்று. அடுத்த கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. பார்க்கப் போனபோது பெரியவர் ஒருவர் ஒரு குத்தைப் பிடுங்கிக் காட்டினார். தாள் கையில் வழுக்கியது. வேர் கறுத்து நாறியது. “பாருங்க தம்பி, வேரே செத்துப்போச்சு” என்றார். நான் யாரென்று அவரிடம் சொல்லவில்லை.

மதகு அகலமாகியிருந்தால் பயிர் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய முறையைப் பறித்தது என் ஒரு வரி.

பிறகு கரைகளையெல்லாம் மெஷ்ஷில் கோடாகப் பதித்து, செல்லையும் சிறிதாக்கி ஓட்டினேன். கணுக்கால் அளவு காட்டிய இடத்தில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. இரண்டு முடிவுகளையும், நான் எழுதிய பொய்யையும், அறிக்கை வாங்கியவர்களிடம் எழுத்தில் ஒப்படைத்துவிட்டேன். பட்டியலைத் திருத்தக் கேட்டிருக்கிறேன். வெள்ள வரைபடத்தைக் கையில் வாங்குகிறவர்கள், இரண்டு மெஷ் அளவில் வந்த முடிவுகளையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். சொன்ன வார்த்தையை நம்பிவிடாதீர்கள். அந்தப் பெரியவரிடம் நேரில் சொல்வது இன்னும் பாக்கி. இந்தச் சம்பா நடவுக்கு முன் போய்ச் சொல்லிவிடுவேன்.